பூட்டுக் காக்கா திறந்த கதவு

கல்முனைக் கடற்கரையில் ஒரு கள்ளனைக்கூடக் கண்ணால் காணாமல், உலகத்துக் கள்ளன் அத்தனை பேருக்கும் பயந்து வாழ்கிற மனுசன் ஒருவர்தான். அவர் பூட்டுக் காக்கா. எங்கள் பக்கத்தில் காக்கா என்றால் அண்ணன். இவரோ என்னைவிட எவ்வளவோ இளையவர். ஆனாலும் ஊருக்கே காக்கா என்றால் எனக்கும் காக்காதான்.

மெயின் வீதியில் கொம்பியூட்டர் திருத்துகிற கடை வைத்திருக்கிறார். கடைக்கு முன்கதவில் பூட்டு, உள்கதவில் பூட்டு, மேசை லாச்சியில் பூட்டு. இடுப்பில் தொங்குகிற திறப்புக் கொத்து, அதுதான் சாவிக்கொத்து, அவர் வருவதைத் தெருமுனையிலேயே சொல்லிவிடும். ஜும்ஆவுக்கு வந்தால் வாசலில் இரண்டு செருப்பையும் சேர்த்து ஒரு குட்டிப் பூட்டுப் போட்டுவிட்டுத்தான் தொழப்போவார். ஒரு வெள்ளிக்கிழமை திறப்பைத் தொலைத்துவிட்டு, பூட்டின செருப்பை மீன் கோர்வை மாதிரிக் கையில் தூக்கிக்கொண்டு சுடுமணலில் துள்ளித் துள்ளிப் போனார்.

"என்ன காக்கா, செருப்ப ஆரும் எடுக்கல்லையா?" என்று கேட்டேன்.

"பாத்தீங்களா மாமா? நானே எடுக்க ஏலாமக் கிடக்கு. கள்ளன் எப்பிடி எடுப்பான்?"

இறக்காமம் என்ற ஊரில் அவருக்கு மனைவி வழியில் கொஞ்சம் வயல். ஒருமுறை யானை வந்து வேலியைச் சுத்தமாகச் சாய்த்துவிட்டது. மிச்சம் நின்றது வேலிக் கதவான படலை மட்டும். இவர் போய் அந்தப் படலைக்குப் பெரிய பூட்டு ஒன்றைப் போட்டுவிட்டு வந்தார். அடுத்த கிழமை யானை திரும்ப வந்து மிச்ச நெல்லையும் தின்றது. எல்லாரும் தலையில் கைவைத்துக்கொண்டு நிற்க, இவர் படலையடியில் நின்று, "ஆனா என்ட பூட்டுல கை வைக்கல்ல, பாருங்க!" என்றார்.

யானையைப் பற்றி நினைத்தால் அந்தக் காலத்தில் நாங்கள் காவல் பரணில் கிடந்ததெல்லாம் ஞாபகத்துக்கு வந்துவிடும். அது இருக்கட்டும். நான் சொல்ல வந்தது சேவர் கதை.

என் மகன் நிஸ்தார் வெளிநாட்டில் வேலை. அவன் மகளுக்கு, என் பேத்திக்கு, நிக்காஹ் நாள் குறித்தாகிவிட்டது. கொம்பனி லீவு கொடுக்கவில்லை. அவன் இருக்கிற நாட்டில் போனில் முகம் பார்த்துக் கதைக்கிறதும் தடை. பெற்ற தகப்பன் இடத்தில் நான் உட்கார்ந்து மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "வாப்பா, எப்பிடியாவது நான் அதக் கண்ணால பாக்கணும்."

அந்த நேரம் எங்கள் பள்ளிவாசல் தலைவர் ஹாஜியாருக்கும் ஓர் ஆசை வந்திருந்தது. பள்ளிவாசலுக்குச் சொந்தமாக ஒரு வெப் சேவர். எனக்கு விளங்கின அளவில், அது ஒரு கொம்பியூட்டர். இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு, உலகத்தில் எவன் கேட்டாலும் நம்முடைய பக்கத்தைத் திறந்து காட்டும். நிக்காஹ்வைக் கமெராவில் பிடித்து அதில் விட்டால் நிஸ்தார் அங்கேயிருந்து பார்க்கலாம். அதைப் பொருத்துகிற வேலை பூட்டுக் காக்காவிடம் போனது. அவர் கொம்பியூட்டரைப் பள்ளிவாசல் காரியாலயத்தில் ஓர் இரும்பு அலுமாரிக்குள் வைத்து, வயருக்கு ஓட்டை போட்டு, கதவுக்குப் பூட்டும் போட்டார்.

நிக்காஹ் பின்னேரத் தொழுகையான அஸருக்குப் பிறகு. மத்தியானம் ளுஹர் தொழுததும் திறப்பு விழா. பள்ளிவாசலின் படத்தைவிடத் தன் படம் பெரிதாக இருக்கிற பேனருக்குக் கீழே நின்று, ஹாஜியார் அலுமாரிக்குக் கட்டின ரிப்பனை வெட்டினார். அலுமாரிக்குள் இருந்த ஸ்கிரீனில் பக்கம் பளிச்சென்று வந்தது. எல்லாரும் கை தட்டினோம்.

பிறகு ஹாஜியார் தன் போனில் திறந்தார். ஒன்றும் இல்லை. நான் நிஸ்தாருக்குக் கோல் எடுத்தேன்.

"வாப்பா, வெள்ளையாக் கிடக்கு. சுத்திக்கிட்டே இருக்கு."

பூட்டுக் காக்கா வயரைக் கழற்றி மாட்டினார். கொம்பியூட்டரை நிப்பாட்டித் திரும்பப் போட்டார். அதே ஸ்கிரீனில் பக்கம் பவுசாக நிற்கிறது. ஓரடி தள்ளி ஹாஜியாரின் கையில் இருந்த போனில் இல்லை.

"ரிப்பன் வெட்டினது சரியில்லையோ?" ஹாஜியார் யோசித்தார். "இன்னொண்டு கட்டுங்க, திரும்ப வெட்டிப் பாப்பம்."

இரண்டாவது ரிப்பனும் வெட்டியாகிவிட்டது. மாற்றம் இல்லை. ஹாஜியார் கைவிடவில்லை.

"சரி, பிரச்சினை என்ன? இந்த ஸ்கிரீன்ல வருதுதானே. பாக்க விரும்புற ஆக்கள் ஒவ்வொருத்தரா இஞ்ச வந்து பாக்கட்டும்."

"என்ட மகன்?" என்றேன்.

"அவர் லீவுல ஊருக்கு வரக்குள்ள பாக்கலாம்தானே!"

அஸருக்கு அதிக நேரம் இல்லை. பூட்டுக் காக்கா தன் மடிக் கொம்பியூட்டரை விரித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"நாம ஒரு வீட்டுக்குப் போனா என்ன செய்வம் மாமா? வாசல்ல நிண்டு ஸலாம் சொல்லுவம். பதில் இல்லாட்டி மறுகாவும் சொல்லுவம். மூணு தரத்துக்கும் பதில் இல்லாட்டித் திரும்பி வந்திருவம். இப்ப நான் இதுல இருந்து சேவருக்கு ஸலாம் சொல்றன்."

எதையோ தட்டினார். வரி வரியாக எழுத்து ஓடியது. முகம் மலர்ந்தது.

"பதில் வருது! ஆள் வீட்டுக்குள்ளதான் இருக்கு. வயரும் பாதையும் சரி."

"அப்ப ஏன் காட்டுதில்ல?" என்றேன்.

"ஸலாத்துக்குப் பதில் சொல்லுது, கதவத் திறக்குதில்ல. உள்ளுக்கால ஆரோ பூட்டி இருக்காங்க."

"எந்த மடையன் பூட்டின?" என்று ஹாஜியார் பாய்ந்தார்.

பூட்டுக் காக்கா இடுப்பில் தொங்கின திறப்புக் கொத்தைத் தடவினார். அதைத் தடவினார் என்றால் ஆள் அகப்பட்டுவிட்டார் என்று ஊருக்கே தெரியும்.

"நான்தான் ஹாஜியார். நேத்துப் பொருத்தி முடிச்சிட்டுப் போகக்குள்ள, வெளியில இருந்து ஒருத்தரும் உள்ள வரப்படாது எண்டு எல்லாக் கதவையும் அடைச்சிட்டன்."

"வெளியில உள்ளவங்களுக்குக் காட்டத்தானே மனுசன் இத வாங்கின!"

"ஓம், ஓம். அதுக்காகத் திறந்தா போட ஏலும்?"

ஹாஜியார் பேனரைப் பிடித்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

நான் தரையில் பூட்டுக் காக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறந்ததிலிருந்து பூட்டிக்கொண்டே வந்த மனுசனிடம், முழு உலகத்துக்கும் ஒரு கதவைத் திற என்கிறோம்.

"மாமா, உங்களுக்கு விளங்காது. இந்த ஒரு கதவத் திறந்தா உலகத்துல உள்ள கள்ளன் எல்லாம் இதாலதான் வருவான்."

"என்ட மகனும் இதாலதான் தம்பி வரணும்."

அவரைத் தம்பி என்று நான் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. என் முகத்தைப் பார்த்தார். பிறகு பிஸ்மி சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு தட்டு. ஹாஜியாரின் போனில் பக்கம் வந்து குதித்தது. மூன்றாவது ரிப்பன் எங்கே என்று கேட்டார் ஹாஜியார்.

நிக்காஹ் நடந்தது. மாப்பிள்ளையின் கை என் கைக்குள் வேர்த்துப் போய்க் கிடந்தது. கமெரா இருக்கிற பக்கம் நான் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவேன் என்று பயம். துஆ முடிந்து எழும்பும்போதே போன் அடித்தது.

"வாப்பா," என்றான் நிஸ்தார். "கைபிடிச்சுக் குடுக்கக்குள்ள உங்கட தொப்பி சரிஞ்சு கிடந்துச்சு."

நான் தொப்பியை நேராக்கிக்கொண்டேன்.

எல்லாரும் பெரிய சஹன் தட்டுகளைச் சுற்றிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது பூட்டுக் காக்காவைக் காணோம். போய்ப் பார்த்தேன். காரியாலயத்தில் அலுமாரிக்கு முன்னால் கதிரை போட்டு, திறப்புக் கொத்தைக் கையில் பிடித்துக்கொண்டு காவல் இருந்தார்.

"சாப்பிட வாங்களன் காக்கா."

"கதவு திறந்து கிடக்கு மாமா. எப்பிடி விட்டுட்டு வாற?"

அவருக்கு ஒரு கோப்பையில் சாப்பாடு கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். அங்கே அவருடைய செருப்பு, ஒன்று ஒரு பக்கம், மற்றது ஒரு பக்கமாகப் பூட்டே இல்லாமல் கிடந்தது. அவசரத்தில் மறந்திருக்கிறார்.

இரண்டையும் எடுத்துச் சேர்த்து வைத்தேன். அவர் வெளியே வரும்வரை பக்கத்திலேயே நின்றுகொண்டேன்.