வீட்டை நான் பிரித்தேன், தம்பி எடுத்தான்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அத்தானின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போன வருடம் நீ இங்கே வந்தபோது கீழ்வீட்டில் தம்பியோடு மூன்று நாளும், மாடியில் என்னோடு ஒரே ஒரு மத்தியானமும் இருந்துவிட்டுப் போனதைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதப் போவதில்லை. அதை நான் மறந்தும்விடவில்லை. இது வெறும் தகவல் கடிதம். உனக்கு இதில் ஒரு வேலையும் இல்லை.

அப்பா விட்டுப்போன வீட்டை நானும் தம்பியும் பிரித்துக்கொண்டுவிட்டோம். அடிதடி இல்லை, போலீஸ் இல்லை. எப்படி நடந்தது என்று யோசித்தால் எனக்கே வாய் பிளக்கிறது. ஒன்பது வருடமாக நாங்கள் பேசிக்கொள்ளாதது உனக்குத் தெரியும். அவனுடைய மூக்குக்கண்ணாடிக் கடைப் பெட்டிகள் முதலில் மாடிப்படிக்குக் கீழே வந்தன, பிறகு முதல் படிக்கு வந்தன, போன மாதம் ஏழாவது படிக்கு வந்துவிட்டன. அட்டைப்பெட்டியைத் தாண்டித் தாண்டி என் வீட்டுக்கு நானே திருடன் மாதிரி ஏறவேண்டியிருந்தது. அன்றைக்கே வக்கீலைத் தேடிப் போனேன். சின்ன உருவம், பெரிய மேஜை. நான் முப்பத்தோரு வருடத்து அநியாயங்களைத் தேதி வாரியாக எழுதி எடுத்துப் போயிருந்தேன். அந்த அம்மாள் முதல் பக்கத்தைக் கூடத் திருப்பவில்லை.

"சார், உங்களுக்கு வீடு வேணுமா, தம்பி தோக்கணுமா?"

"ரெண்டும்தான்."

"ரெண்டுக்கும் வழி வேற வேற. முதல்ல ஒண்ணைச் சொல்லுங்க."

அக்கா, இத்தனை வருடமாகக் கணக்குப் பாடம் நடத்துகிறேன், இப்படி ஒரு கேள்வியை நான் எந்த மாணவனிடமும் கேட்டதில்லை. வீடு என்று முனகினேன். உடனே ஒவ்வொரு வழியாக எடுத்து மேஜைமேல் வைத்தார். நோட்டீஸ் அனுப்பலாம். படியை மறிக்கக் கூடாது என்று தடையுத்தரவு வாங்கலாம். ஒருவர் பங்கை மற்றவர் விலைக்கு வாங்கலாம். பாகப்பிரிவினை வழக்குப் போடலாம். அதில் வீட்டைத் துண்டு போட முடியாது என்று கோர்ட் நினைத்தால் விற்றுக் காசைப் பிரித்துக் கொடுத்துவிடுமாம். அண்ணன் தம்பி சண்டை போடுவார்கள் என்று யாரோ முன்கூட்டியே உட்கார்ந்து யோசித்து, ஒவ்வொரு சண்டைக்கும் ஒரு கதவு வைத்திருக்கிறார்கள். நம் வீட்டுச் சண்டை உலகத்திலேயே புதிது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வழக்கு எத்தனை வருடம் போகும் என்று கேட்டேன். "உங்க வயசு என்ன?" என்றார். ஐம்பத்திரண்டு என்றேன். பேனாவை மூடிவிட்டு, "முதல்ல சமரச மையத்துக்குப் போங்க" என்றார்.

சமரச மையம் என்பது ஓர் அறை. ஒரு வட்ட மேஜை, மூன்று நாற்காலி, ஒரு தண்ணீர் ஜாடி, எதிரே தம்பி. மத்தியஸ்தர் ஓய்வுபெற்ற நீதிபதி. நாங்கள் இருவரும் சேர்ந்து கத்துவதை நாற்பது நிமிடம் கேட்டுவிட்டு, ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "ஒருத்தர் பிரிங்க, இன்னொருத்தர் எடுங்க."

"அண்ணன்தானே கணக்கு வாத்தியார், அவரே பிரிக்கட்டும். பொண்டாட்டி வாங்குற காய்கறியையே எடை போட்டுப் பாக்குற ஆளு" என்றான் தம்பி. ஒன்பது வருடத்தில் என்னைப் பற்றி அவன் என் காதுபடச் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

மத்தியஸ்தர் சொன்ன அந்த வாக்கியத்தின் கனம் எனக்கு அளவுநாடாவைக் கையில் எடுத்த பிறகுதான் புரிந்தது. ஈரச் சுவரைத் தம்பி தலையில் கட்டலாம் என்று நினைத்தேன். கட்டினால் அவன் மற்றப் பாதியை எடுத்துக்கொண்டு ஈரத்தை எனக்கு விட்டுவிடுவான். தண்ணீர்த் தொட்டியை என் பக்கம் இழுத்தேன். இழுத்தால் அந்தப் பக்கமே அவனுடையதாகிவிடும். நான் எந்தப் பக்கம் வஞ்சகம் செய்தாலும் அது திரும்பி வந்து என் கழுத்தைத்தான் பிடித்தது. பதினோரு நாள் ஜன்னல் கம்பி வரைக்கும் எண்ணினேன். அவனுக்கு ஓர் அங்குலம் கூடுதலாகப் போய்விடக் கூடாதே என்ற வயிற்றெரிச்சலில் நான் பிரித்த பிரிவினை இருக்கிறதே, எந்த மகானும் அவ்வளவு நியாயமாகப் பிரித்திருக்க மாட்டான். சட்டத்துக்கு என் நல்ல மனசு தேவைப்படவே இல்லை அக்கா. இருந்த மனசை வைத்தே வேலையை முடித்துக்கொண்டது. நான் பிரமித்துப் போய்ப் படியில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே, உட்கார்ந்துவிட்டேன்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் சாமர்த்தியம் காட்டினேன். உன்னிடம் சொல்வதில் தவறில்லை. மாடியில் கிழக்கு அறை, என் மேஜையும் புத்தகங்களும் இருக்கும் அறை, அது எனக்கு வேண்டும். அந்த வீட்டில் எனக்கு வேண்டியதே அது ஒன்றுதான். வேண்டும் என்று தெரிந்தால் தம்பி அதைத்தான் எடுப்பான். ஆகவே அந்த அறை ஒழுகுகிறது என்று அவன் காதில் விழும்படி தினமும் புலம்பினேன். நடுவில் ஒரு வாளியை வைத்தேன். "ஒழுகாத ரூமுக்கு எதுக்குங்க வாளி?" என்று என் மனைவி சத்தமாகக் கேட்டு எல்லாவற்றையும் கெடுக்கப் பார்த்தாள். நல்லவேளை, கீழே கடையில் கூட்டம்.

நேற்று தம்பி வரைபடத்தைப் பார்த்தான். "ஒழுகுற ரூமை அவரே வெச்சுக்கட்டும்" என்று மேற்குப் பாதியை எடுத்துக்கொண்டான். நான் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொள்ளப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அடுத்த வாரம் பத்திரப் பதிவு. சட்டம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் அக்கா! அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள். எல்லோரும் சௌக்கியமாக, முடிந்தால் ஒற்றுமையாக, இருங்கள்.

இப்படிக்கு,
மாடியில் இருக்கும் உன் தம்பி

பி.கு.: உறை ஒட்டுவதற்குள் வக்கீல் அம்மாள் எங்கள் இருவரையும் அவசரமாகக் கூப்பிட்டார். கையில் வாரிசுச் சான்றிதழ். "வேற வாரிசு யாரும் இல்லைன்னு ரெண்டு பேரும் சொன்னீங்களே, இந்த மூணாவது பேர் யாரு?"

நானும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "அக்கா" என்றோம்.

"உயிரோட இருக்காங்களா?"

"இருக்காங்க. இப்பதான் அவங்களுக்கு லெட்டர் எழுதி முடிச்சேன்."

சத்தியமாக ஏமாற்ற நினைக்கவில்லை அக்கா. உன் ஞாபகமே வரவில்லை. அது இன்னும் மோசம் என்று வக்கீல் அம்மாளின் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. "அக்கா எழுதிக் குடுத்துடும்" என்றான் தம்பி. "குடுக்கலாம், குடுக்காமலும் இருக்கலாம். அது அவங்க இஷ்டம்" என்றார் அவர். நேற்றுவரை செய்த பிரிவினை செல்லாது. மத்தியஸ்தரிடம் ஓடினோம். நாங்கள் இருவரும் சேர்ந்து மூன்றாகப் பிரிக்க வேண்டுமாம், நீ முதலில் எடுப்பாயாம்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்று ஒதுக்கி வைத்துவிட்டு, கிழக்கு அறை ஒழுகுகிறது என்று உனக்குப் புதிதாக ஒன்று எழுத உட்கார்ந்தேன். மூன்று வரிக்கு மேல் போகவில்லை. அறை ஒழுகவில்லை. காலையில் நல்ல வெளிச்சம் வரும். எதை எடுப்பதானாலும் ஒரு வாரம் முன்னதாக எழுது. என் புத்தக அலமாரியைக் கீழே இறக்க நான்கு ஆள் வேண்டும்.