அத்தையின் அடுப்பும் பிள்ளையின் குடலும்

மரியாதைக்குரிய அத்தை பெலிசிங் அவர்களுக்கு,

தங்கள் கையை எடுத்து என் நெற்றியில் ஒற்றிக்கொண்டு மருமகன் ஆர்னெல் எழுதுவது. மாதா கிருபையால் நானும் தங்கள் மகள் ஜோவிலினும் சுகம். தங்கள் மூட்டுவலியும் கரியடுப்பில் சுட்டு விற்கும் வியாபாரமும் எப்படி என்று அறிய ஆவல்.

நிற்க. சுகம் என்று எழுதியது மரியாதைக்காக. நேற்று ஸ்கேன் எடுத்தோம். பிள்ளைக்குப் பத்து வாரம். டாக்டரம்மா திரையைப் பார்த்தபடியே, கறிக்கடையில் எடை சொல்வதுபோல, "குடல் வெளிய இருக்கு, தொப்புள்கொடிக்குள்ள" என்றார். "யாரோட குடல்?" என்று கேட்டேன். "உங்க பிள்ளையோடதுதான். பயப்படாதீங்க, எல்லாப் பிள்ளைக்கும் இப்படித்தான். முதல்ல குடல் ஒரு நேர் குழாய். அது விறுவிறுன்னு நீளுது, வயித்துலயோ ஈரல் பெருத்து இடத்தை அடைச்சுக்கிட்டிருக்கு. அதனால கொஞ்ச நாள் கொடிக்குள்ள போய், வளைஞ்சு திரும்பி, வயித்துல இடம் வந்ததும் உள்ள வந்துடும்" என்றார். நான் ஆள் ஏற்றும் ஜீப்னி வண்டி ஓட்டுகிறவன். இடமில்லாதவர்கள் பின்கம்பியில் தொங்குவதும், யாராவது இறங்கினால் உள்ளே ஏறுவதும் எனக்குப் புதிதில்லை. கடைசிவரை தொங்கிக்கொண்டே போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். "வராமப் போனா?" என்றேன். "அபூர்வமா அப்படியும் ஆகும். மூணு வாரம் கழிச்சு வாங்க, பார்த்துடலாம்" என்றார். அத்தை, எனக்குப் பயமாக இருக்கிறது.

டாக்டரம்மாவுக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரியும். மசக்கையில் தாய் எதற்கு ஆசைப்படுகிறாளோ, பிள்ளையும் அதுபோலத்தான். என் தங்கை நாவல்பழமாகத் தின்று தீர்த்தாள். அவள் மகன் நிறத்தைக் கேலி செய்தது தாங்கள்தான். தங்கள் மகள் ஆசைப்பட்டது எதற்கு? கோழிக்குடலுக்கு. தினமும் சாயங்காலம் அதை வளைத்து வளைத்துக் குச்சியில் கோத்து, சுட்டு, தொட்டுக்கொள்ளப் புளிப்புக் காடியோடு டப்பா நிறைய என் வண்டியிலேயே அனுப்புவது யார்? வேண்டாமென்று சொன்னால், "எங்கம்மா கைப்பக்குவத்தைக் குறை சொன்னா உன் குடலை உருவிடுவேன்"ங்கிறா. நானும் மனுஷன்தானே அத்தை, என் பேச்சை இந்த வீட்டுல யாரு கேக்குறா? குச்சியில சுருண்டு கெடக்குறதைப் பார்த்துப் பார்த்துத்தானே எம்புள்ளைக்கும் குடல் வெளிய வந்துச்சு? கோவிச்சுக்காதீங்க. பிள்ளை பிறக்கிற வரைக்கும் அந்த அடுப்பைப் பத்தவைக்காதீங்க. கால்ல விழுந்து கேக்குறேன்.

ஜெபமாலை சொல்லும்போது பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயர் இன்னும் வைக்கவில்லை. 'அந்தக் குடல்' என்று சொன்னாலே மாதாவுக்குப் புரியும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த மருமகன்
ஆர்னெல்

பி.கு.: இதைத் தங்கள் காலி டப்பாவில் வைத்து அனுப்ப மூன்று வாரமாகத் தைரியம் வரவில்லை, சட்டைப்பையிலேயே கிடந்தது. அடுப்பும் அணையவில்லை, தங்கள் மகளும் ஒரு நாள் விடாமல் தின்றாள். இன்று காலை மறுபடி ஸ்கேன். "மொத்தமும் உள்ள வந்துடுச்சு" என்றார் டாக்டரம்மா. நான் அங்கேயே அழுதுவிட்டேன். "அழுதது போதும், பசிக்குது" என்றாள் ஜோவிலின். ஆகவே மேலே எழுதிய எதையும் படிக்க வேண்டாம். இன்றைக்கு அடுப்பைப் பற்றவைக்க இந்தத் தாளையே வைத்துக்கொள்ளுங்கள். குச்சி நாலு கூடப் போடுங்கள், எனக்கும் பசிக்கிறது.