பாம்பு என்று சொன்ன மாப்பிள்ளைக்கு

யெசான்,
அறுவடைப் பண்டிகைக்கு எட்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய பியோன் மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் கில் மான்சு எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாமியாரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். தோட்டத்தில் ஆப்பிள் நன்றாகச் சிவந்துவிட்டது. காலையில் பனி இறங்குகிறது. சியோலிலும் குளிர் தொடங்கியிருக்கும், உள்பனியன் போடாமல் வெளியே போகவேண்டாம். உங்கள் தாயாரின் முழங்கால் வலி தேவலையா என்று நாங்கள் விசாரித்ததாகச் சொல்லவும். மரியாதைக்குச் சொல்லவேண்டியது இத்துடன் முடிந்தது. இனி எழுதப்போவது கோபத்தில் எழுதுவது. ஆனாலும் முப்பத்தெட்டு வருடம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவன் என்பதால் வரிசைப்படிதான் கோபப்படுவேன்.

போன வாரம் வியாழக்கிழமை பத்து நாற்பது வண்டியில் என் பெண் சோல்மி வந்து இறங்கினாள். கையில் ஒரே ஒரு பை. மூன்று வருடமாக ‘கருமேகக் குளம்’ சினிமாவின் இரண்டாம் பாகத்துக்கு, அந்தக் குளத்துப் பிராணி இமுகியைக் கம்ப்யூட்டரில் செய்கிறேன், செய்கிறேன் என்று என் எழுபத்தைந்தாம் பிறந்தநாளுக்குக்கூட வராத பெண், படம் வெளியாக ஆறே நாள் இருக்கும்போது வந்து, “அம்மா, பாய போடு, தூங்கணும்” என்றாள். அன்று படுத்தவள்தான். சாப்பிட எழுப்பினால் ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறாள். மாப்பிள்ளை எப்படியிருக்கிறார் என்று கேட்டதற்கு, “அவரப் பத்திப் பேசாதீங்கப்பா, இருக்கிற தூக்கமும் போயிடும்” என்றாள். உங்கள் மாமியார் அப்படியே அரிசி களைந்த கையோடு உட்கார்ந்துவிட்டாள். “போச்சுங்க, எம் பொண்ணு வாழ்க்க போச்சு. எல்லாம் அந்த இருபது எழுத்தால வந்தது” என்று ஒரே அழுகை. உடனே ஒரு சபதமும் செய்தாள்: உங்களுக்கென்று வளர்த்துவரும் அந்த முட்டைக்கோழியை இந்தப் பண்டிகைக்கு அடிக்கப்போவதில்லை. கல்யாணமான நாலு வருடத்தில் மாமியார் கையால் கோழி கிடைக்காமல் நீங்கள் இந்த வீட்டிலிருந்து போனதில்லை என்பதை நினைத்துப் பார்த்துக்கொள்ளவும்.

அந்த இருபது எழுத்துக்கு வருகிறேன். பத்திரிகைக்காரர்களுக்கு முன்கூட்டியே படம் காட்டுவார்கள், பார்த்த விமர்சகர்கள் இருபது எழுத்துக்குள் தீர்ப்புச் சொல்லி நட்சத்திரம் போடுவார்கள் என்பது எனக்கும் தெரியும். உங்கள் பத்திரிகை வந்த அன்று நான்தான் முதலில் கடைக்குப் போனேன். அதில் உங்கள் பேருக்கு நேரே இரண்டு நட்சத்திரம். பக்கத்தில், ‘ஆயிரம் ஆண்டு காத்தும் பாம்பு பாம்பே’. கடைக்காரரிடமே நாற்காலி வாங்கி உட்கார்ந்தேன். மூன்று வருடம் என் பெண் கண் விழித்துச் செய்ததை நீங்கள் இருபது எழுத்தில் முடித்தது மட்டுமல்ல, எண்ணிப் பார்த்தேன், பதினேழிலேயே முடித்துவிட்டீர்கள். மீதி மூன்று எழுத்து சும்மா கிடந்ததே! ‘ஆனால்’ என்று ஒரு சொல் போட்டிருந்தால்கூட, மேலே ஏதோ நல்லதாகச் சொல்ல வந்தார், இடம் போதவில்லை என்று ஊரில் சமாளித்திருப்பேனே.

இரண்டு நட்சத்திரத்தைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். ஆனால் இமுகியைப் பார்த்துப் பாம்பு என்று சொல்லலாமா? உங்கள் வீட்டில் இதையெல்லாம் சொல்லித்தானே வளர்த்திருப்பார்கள்? ஆயிரம் வருடம் குளத்தடியில் தவமாய்க் கிடந்த இமுகி, வானம் ஏறுகிற அன்றைக்கு அதைப் பார்க்கிற மனுஷன் ‘டிராகன்!’ என்று கத்தினால் அது டிராகனாகி மேலே போய்விடும், ‘பாம்பு!’ என்று கத்தினால் அந்த இடத்திலேயே பொத்தென்று விழுந்து, இன்னொரு ஆயிரம் வருடம் கிடக்கும். இந்த நாட்டில் பால் மறக்காத பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. முதல் பாகத்தின் கடைசியில் அது தலையை மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டியபோது திரை இருண்டது. அதற்குப் பிறகு ஆறு வருடம் ஜனங்கள் காத்திருந்தார்கள். அது ஏறப்போகிற நேரத்தில், முதல் ஆளாக நின்றுகொண்டு பாம்பு என்கிறீர்கள். அதுவும் யார், வீட்டு மாப்பிள்ளை.

ஊர் நாற்சந்தியில் முதியோர் மன்றத்தார் என் பேரையும் சோல்மி பேரையும் போட்டு, ‘இமுகியை உருவாக்கிய நம் ஊர் மகளுக்கு வாழ்த்துகள்’ என்று பத்து முழத்துக்குத் துணிப்பதாகை கட்டியிருக்கிறார்கள். நீங்கள் எழுதிய மறுநாள் மன்றத் தலைவர் தாக் வந்தார். அவருக்கு என்மேல் முப்பது வருடப் பொறாமை.

“மான்சு அண்ணே, காத்து பலமா அடிக்குது. பதாகைய எறக்கிச் சுருட்டி வெச்சிடட்டுமா?” என்றார்.

“காத்தா? ஒரு எல கூட அசையலயே” என்றேன்.

“அடிக்கும்ணே. சியோல் பக்கமிருந்து அடிக்குதுன்னு பத்திரிகைல போட்டிருக்கான்.”

அன்றைக்கே மன்றத்தில் முப்பத்தோரு பேரையும் உட்காரவைத்து, படம் வெளியானதும் சினிமா இணையத்தளத்தில் எல்லாரும் பத்துக்குப் பத்து கொடுத்துக் கருத்து எழுதவேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். என்ன எழுதுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பலகையில் எழுதிப் போட்டேன்: ‘இது பாம்பு அல்ல. டிராகன்.’ புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு, என் கைக்கொடி இறங்கியதும், முப்பத்தோரு பேரும் ஒரே நேரத்தில் ஒரே வாசகத்தை அனுப்பினார்கள். ஒழுங்கு என்றால் அதுதான் ஒழுங்கு. ஒன்பதரைக்குத் தளத்துக்காரர்கள் அத்தனையையும் அழித்துவிட்டார்கள். மத்தியானத்துக்குள் இணையச் செய்தியில், ‘கருமேகக் குளம் படத்துக்குக் கூலிக்கு ஆள் பிடித்துக் கருத்துப் பதிவு, யெசான் பகுதியிலிருந்து இயங்கும் கும்பல் மீது சந்தேகம்’ என்று வந்தது. அந்தக் கும்பலில் ஆகச் சின்னவருக்கு எழுபத்தொரு வயது. கும்பல் என்று போட்டதும் எல்லாருக்கும் ஒரே பெருமை. செய்தியைப் பெரிசாக அச்செடுத்து மன்றத்தில் ஒட்டியிருக்கிறார்கள். படத்துக்குத்தான் கெட்ட பேர்.

அடுத்தது அதைவிட மோசம். படத்துக்குப் போக முடியாதவர்கள் டிக்கெட் மட்டும் எடுத்துவிட்டு, உடம்பை வீட்டில் வைத்துக்கொண்டு ஆன்மாவை மட்டும் தியேட்டருக்கு அனுப்பிவைக்கிற வழக்கம் இப்போது இருக்கிறதாமே. தாக்கின் பேத்தி சொல்லித்தான் எனக்கே தெரியும். ஆப்பிள் பறிக்கிற சமயம், யாராலும் போகமுடியாது. சரி, ஆன்மாவையாவது அனுப்புவோம் என்று ஊரே சேர்ந்து நம் ஊர்த் தியேட்டரில் ஒரு வாரத்துக்கு எல்லாக் காட்சியையும் நிரப்பிவிட்டோம். புதன்கிழமை முதல் காட்சிக்கு நூற்றிருபது இடமும் தீர்ந்தது என்று பார்த்து மேனேஜர் பாவம் ஒரு அண்டா சோளப்பொரி பொரித்து வைத்திருந்தார். உள்ளே ஒரு ஈ காக்கை இல்லை. அந்த நேரம் பார்த்து தேகு நகரத்திலிருந்து ஒரு வேன் வந்து நிற்கிறது. இமுகியைச் செய்தவள் பிறந்த ஊரிலேயே முதல் காட்சி பார்க்கவேண்டும் என்று பதினான்கு ரசிகர்கள், தோளில் செதில் செதிலாகத் தைத்த துணியோடு வந்து இறங்கினார்கள்.

“ஹால் காலியாத்தானே இருக்கு, உள்ள விடுங்களேன்” என்று அவர்கள் கெஞ்ச, “சீட்டு வித்தாச்சும்மா, ஆன்மா உக்காந்திருக்கு” என்று மேனேஜர் சொல்ல, கடைசியில் தீர்ப்புச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். சீட்டு வாங்கியவர் வராவிட்டாலும் இருக்கை வண்டி போய்ச் சேரும்வரை அவருடையதே. இது ரயில்வே விதி. நான் என்ன செய்ய? என் வாயாலேயே அவர்களுக்கு இடமில்லை என்று சொல்லவேண்டியதாயிற்று. ஒரு பெண் நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதாள். ஊரி என்று பேர். ஆறு வருடம் காத்திருந்தாளாம். எனக்கு மனசு கேட்கவில்லை. பதினான்கு பேரையும் வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

இத்தனை பேருக்கு என்னத்தைப் போடுவது? உங்கள் மாமியார் கொல்லைப் பக்கம் போனாள். ஆமாம், உங்கள் கோழிதான். எனக்கும் வருத்தம்தான்.

சோல்மி உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் இருப்பதாக நாங்கள் மூச்சுவிடவில்லை. கூடத்துச் சுவரில் உங்கள் கல்யாணப் படம் தொங்குகிறது, அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டவேண்டியிருந்தது. கோழிக் கஞ்சியைக் குடித்துக்கொண்டே அவர்கள் பேச ஆரம்பித்தார்கள். முன்னோட்டக் காட்சி பார்த்தவர்களில் பாதிப் பேர் அழுதார்களாம், பாதிப் பேர் கொட்டாவி விட்டார்களாம். இவர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி.

“எல்லாத்தையும் கெடுத்தது அந்தப் பாம்பு விமர்சகன்தான். அந்தாளுக்குக் கண்ணு பொடரிலயா இருக்கு?” என்றாள் ஊரி.

அதை நானே சொல்லியிருப்பேன். ஆனால் உங்கள் மாமியார் அகப்பையைக் கீழே வைத்தாள்.

“ஏய், யாரப் பாத்துடி சொல்ற? எம் மாப்பிள்ள நாலு வருஷமா பொய்யின்னு ஒண்ணு பேசினதில்ல. நான் உப்பு அள்ளிப் போட்ட குழம்பக்கூட உப்புன்னு மூஞ்சிக்கு நேரா சொன்ன மனுஷன். கோழிய வாயில வெச்சுக்கிட்டு அவரப் பேசாத. அது அவரு கோழி!”

பதினான்கு பேரும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்கள். அப்புறம் உங்கள் மாமியாரே போய்ப் படத்தை நேராகத் திருப்பி மாட்டினாள். அவர்கள் போகும்போது படத்தைப் பார்த்துக் குனிந்து வணங்கிவிட்டுப் போனார்கள். பயத்தில்தான் என்று நினைக்கிறேன்.

ஆகவே மாப்பிள்ளை, இதுதான் நிலவரம். என் பெண் ஒன்பதாவது நாளாகத் தூங்குகிறாள். அவள் அம்மா வெளியே உங்களுக்காகச் சண்டை போட்டுவிட்டு உள்ளே வந்து உங்களை நினைத்து அழுகிறாள். பண்டிகைக்கு மறுநாள் காட்சிக்கு நமக்கென்று மூன்று இருக்கை வேறு எடுத்து வைத்திருக்கிறேன்: நீங்கள், சோல்மி, நான். உங்கள் மாமியாருக்குப் பாம்பென்றால் பயம். அதுவரை படத்தைப் பார்ப்பதில்லை என்று நானும் இருக்கிறேன். நீங்கள் உடனே அந்த வாசகத்தைத் திரும்பப் பெற்று, பண்டிகைக்கு முன் நேரில் வந்து, என் பெண்ணிடம் தெளிவாக, உரக்க, மன்னிப்புக் கேட்கவேண்டும். ஒரு தரம் போதாது, மூன்று தரம் கேட்கவேண்டும். இது மாமனாரின் உத்தரவு.

உங்கள் தாயாருக்கு எங்கள் வணக்கம். உங்கள் பேனாவுக்கு நல்ல புத்தியும் உங்களுக்கு நீண்ட ஆயுளும் கிடைக்கட்டும். மீன் வறுத்ததைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளவும்.

மாமனார்,
கில் மான்சு

பின்குறிப்பு: சனிக்கிழமை. மேலே எழுதியதைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம். ஆனால் பதிவேட்டில் எழுதியதை அடிக்கும் வழக்கம் எனக்கு இல்லை. அதனால் கீழே சேர்க்கிறேன்.

இன்று காலை உறையை ஒட்டப்போகும்போது சோல்மி எழுந்து வந்தாள். ரெண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டாள். “அப்பா, படத்துக்குப் போலாமா?” என்றாள். உங்களை விட்டுவிட்டுப் போகிறோமே என்று இருந்தது. ஆனால் ஒன்பது நாளுக்குப் பிறகு அவள் கேட்ட முதல் கேள்வி. போனோம். முதல் காட்சிக்கும் நம் வீட்டு ஆன்மாக்கள் இரண்டு இருந்தன, அவற்றுக்கு நாங்களே உடம்பு கொண்டுபோய்ச் சேர்த்தோம். ஹாலில் நாங்கள் இருவர்தான். குளத்தடியிலிருந்து இமுகி தலையை நீட்டியது. வெள்ளைப் புருவம், இரண்டு ஓரமும் மேலே தூக்கி நிற்கிறது. வண்டி தாமதமானால் நான் பிளாட்பாரத்தில் நின்று பார்க்கிற பார்வை. கண்ணாடியில் தினம் பார்க்கிற மூஞ்சி. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, மாப்பிள்ளை. அது வானம் ஏற ஆரம்பித்ததும் நான் எழுந்து நின்று, ஸ்டேஷனில் கத்துகிற குரலில், “டிராகன்! டிராகன்!” என்று கத்தினேன்.

சோல்மி என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

“அப்பா, பாம்புதாம்ப்பா” என்றாள். “தலை மட்டும்தான் டிராகன். கழுத்துக்குக் கீழ பத்து மாச வேலைய நாலு மாசத்துல முடிக்கச் சொன்னாங்க. நானும் தலையாட்டிட்டேன். அத யாராவது பாம்புன்னு சொல்லலேன்னா, அடுத்ததையும் நாலு மாசத்துல கேப்பாங்க. அந்த வரி என்னோடதுப்பா. காலைல சாப்பிடறப்ப நான்தான் சொன்னேன். அவரு நாலு நட்சத்திரம் போட்டு வெச்சிருந்தாரு, நான்தான் ரெண்ட அழிக்கவெச்சேன்.”

“அப்புறம் ஏண்டி கோவிச்சுக்கிட்டு வந்த?”

“யாரு கோவிச்சுக்கிட்டா? அது அச்சுல வந்ததிலேர்ந்து அந்த மனுஷன் காலைல ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் எங்கிட்ட மன்னிப்புக் கேக்குறாரு. தூங்கவே விடமாட்டேங்கிறாரு. தூங்கத்தான் வந்தேன்.”

உண்மையைச் சொன்னால் கழுத்துக்குக் கீழே எனக்கும் பாம்பாகத்தான் பட்டது. இதை தாக்கிடம் சொல்லவேண்டாம். பதாகை அப்படியே இருக்கட்டும்.

ஆகவே மேலே உள்ள உத்தரவு ரத்து. மன்னிப்பு என்ற பேச்சையே எடுக்கக்கூடாது. கோழி போய்விட்டது, சேவல் ஒன்று இருக்கிறது, உங்கள் மாமியார் காலையிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீங்கள் செலவழிக்காமல் விட்ட அந்த மூன்று எழுத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்:

வாங்க.