மேசையைத் திருத்தப் போனேன்

அன்புள்ள தங்கை ஒக்புன்னுக்கு,

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து உன் அண்ணன் எழுதுவது. நானேதான் எழுதுகிறேன், யாரையும் உட்கார வைத்துச் சொல்லி எழுதவைக்கவில்லை. எழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள். ஒரு வரி மலை ஏறும், அடுத்த வரி கடலில் இறங்கும். எழுபத்தெட்டு வயதில் முதியோர் மையத்து வகுப்பில் நம் கொரிய எழுத்தைக் கற்றுக்கொண்டவனிடம் இதற்கு மேல் எதிர்பார்க்காதே. இந்தப் பத்தியை முடிப்பதற்குள் சோறு ஆறிவிட்டது. அங்கே நம் ஊர் கோஹுங்கில் நீயும் மாப்பிள்ளையும் நலமா? உன் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே நான் நலம். மானம் மட்டும் போன செவ்வாயன்று போய்விட்டது.

படிக்கத் தெரிந்ததால் வந்த வினை இது. போன மாதம் வகுப்பில் முன்னோருக்குப் படையல் மேசை வைக்கும் முறை என்று ஒரு பாடம் வந்தது. மீன் கிழக்கே, இறைச்சி மேற்கே. சிவப்புப் பழம் கிழக்கே, வெள்ளைப் பழம் மேற்கே. வணங்க நிற்பவனுக்கு வலது கைப்பக்கம்தான் கிழக்கு. முழுவதையும் நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். அன்றிலிருந்து என்னைப் பிடிக்க முடியவில்லை. மளிகைக் கடையில் பழம் அடுக்கியிருந்தால்கூட நின்று சரியா தப்பா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

செவ்வாயன்று என் மகள் உன்சில்லின் கலைக் கண்காட்சி. வெள்ளைக்காரர்களுக்கு அவள் ஜேனட். ஒரு பெரிய அருங்காட்சியகத்து அம்மாள் வந்து பார்த்து, பிடித்தால் அவள் கண்காட்சிக்குச் செய்த மேசையை எடுத்துக்கொள்ளப் போகிறார் என்று பல நாளாகத் தூக்கமில்லாமல் இருந்தாள். "சலவைச் சட்டை போட்டுட்டு வந்து ஒரு ஓரமா உக்காருங்கப்பா, போதும்" என்று சொல்லியிருந்தாள். நான் அவளுக்கு முன்னாலேயே போய்விட்டேன். வாசலில் இருந்த பெண் என்னை உள்ளே விட்டுவிட்டுக் காப்பி போடப் போனாள்.

மேசையைப் பார்த்தேன். நம் வீட்டுப் படையல் மேசை மாதிரியே கறுப்பு மெருகு. அதன்மேல் பர்கர், கோழிக்கால், கோலா பாட்டில், சிவப்பு மிட்டாய்க் கிண்ணம், எல்லாம் களிமண்ணில் செய்து, பழைய அரசர் காலத்துக் கிண்ணங்களின் இளம்பச்சை மெருகில் சுட்டது. மீன் இருக்க வேண்டிய இடத்தில் கார்ட்டூன் மீன் ஒன்று பல்லைக் காட்டியது. பின்னால் மடக்குத் திரை. அதில் நம் ஊர்ப் படங்களில் வரும் புலி, சிவப்புப் போர்வையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வானத்தில் பறக்கிறது. குடித்துவிட்டு வரும் நம் அப்பாவின் முகம் அப்படியே. சிரித்துக்கொண்டே கீழே பார்த்தேன். மீன் இடது பக்கம், கோழிக்கால் வலது பக்கம், சிவப்பு மிட்டாயும் இடது பக்கம். அருங்காட்சியகத்துக்காரர்கள் எல்லாம் படித்தவர்கள், பெற்றவன் ஒன்றும் சொல்லித்தரவில்லை என்றுதானே நினைப்பார்கள்? பக்கத்தில் ஏதோ பலகை இருந்தது. ஆங்கிலம், எனக்கு எங்கே தெரியும்? சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஒன்று விடாமல் திருத்தினேன்.

உன்சில் வந்தாள்.

"அப்பா, யாரு இதத் தொட்டது?"

"நான்தான். எல்லாம் தலைகீழா வச்சிருந்தே, சரி பண்ணிட்டேன். நன்றியெல்லாம் அப்புறம் சொல்லிக்கலாம்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அது உங்க மேசைப்பா."

"என் மேசையில எப்ப பர்கர் இருந்துச்சு?"

"சாப்பாடு என்னுது. இடம் உங்களுது. பாட்டி திதிக்கு நீங்க வருஷா வருஷம் எப்படி வைப்பீங்களோ அப்படியே வச்சேன். அது தப்புன்னு எனக்கும் தெரியும். நம்ம வீட்டுத் தப்பு. அதைத்தான் செஞ்சேன்."

ஒக்புன், அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பா மேசை வைக்கும்போதெல்லாம் நாம் இருவரும் எங்கே இருந்தோம்? திரைக்குப் பின்னால். நான் கையை விட்டு மேசையிலிருந்து கஷ்கொட்டைப் பருப்பைத் திருட, நீ பாவாடையை விரித்துப் பிடித்திருப்பாய். மேசையை நான் பின்பக்கத்திலிருந்து மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அந்த இடவலத்தைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து இத்தனை வருஷம் பக்தியோடு வைத்திருக்கிறேன்.

"அப்போ உன் பாட்டி இவ்வளவு நாளா..."

"இடது கையால சாப்பிட்டிருப்பாங்க. அத விடுங்க, அந்தம்மா கார் வந்துருச்சு."

போனில் ஆயிரம் படத்துக்கு நடுவே மேசைப் படத்தைத் தேடினாள். இடவலம் மாற்றினால் போதும் என்று நினைக்காதே, நடுவில் இருந்ததையும் அழகுக்காக நகர்த்தியிருந்தேன். பழையபடி வைக்க யோசித்தால் பாடம்தான் வருகிறது. எதைத் தொட்டாலும் கை கிழக்கே போகிறது. கடைசியில் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன். திதி அன்று முணுமுணுப்பதுபோல, "அம்மா, வா, வந்து சாப்பிடு" என்றேன். அப்புறம் கை தானாக ஓடியது. பர்கர், மீன், கோழிக்கால், மிட்டாய். கோலா பாட்டிலை என் வழக்கப்படி ஓரத்துக்குக் கொஞ்சம் தள்ளினேன்.

உன்சில்லுக்குப் படம் கிடைத்துவிட்டது. அதையும் மேசையையும் மாறி மாறிப் பார்த்தாள். போனைப் பைக்குள் வைத்துவிட்டு என் சட்டைக் கையை இறக்கிவிட்டாள். திரும்பினால் அந்த அம்மாள் நிற்கிறார், எப்போது வந்தாரோ தெரியாது. என்னைக் காட்டி ஏதோ கேட்டார்.

"மேசைய எடுத்துக்கறாங்களாம்ப்பா. எங்க கொண்டுபோனாலும் நீங்களே வந்து வைப்பீங்களான்னு கேக்கறாங்க."

"நீ என்ன சொன்னே?"

"அவருக்கு வேற வேலை இல்லேன்னு சொன்னேன்."

உன் அண்ணனுக்கு இந்த வயதில் உத்தியோகம். இந்த மேசையைச் சரியாகத் தப்பாக வைக்கத் தெரிந்தவன் உலகத்தில் நான் ஒருவன்தான். அம்மா திதிக்கு நீங்கள் அங்கே முறைப்படியே வையுங்கள். நான் இங்கே என் முறைப்படி வைக்கிறேன். அம்மா இரண்டு கையாலும் சாப்பிடட்டும். மாப்பிள்ளைக்கு என் அன்பு. உன் பேரப்பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும், நிறையப் படிக்கட்டும், என்னைப் போல அல்ல. விரல் வீங்கிவிட்டது. வீக்கம் வடிய ஒரு வாரம் ஆகும். அடுத்த வாரம் மறுபடி பேனாவை எடுப்பேன்.

உன் அண்ணன்

பின்குறிப்பு: பலகை ஆங்கிலத்தில் இருந்தது என்று மேலே எழுதியிருக்கிறேன். அடித்தால் தாள் அசிங்கமாகிவிடும் என்று இங்கே சொல்கிறேன். ஆங்கிலத்துக்குக் கீழே உன்சில் எனக்காகவே நம் எழுத்தில் பெரிதாக எழுதி வைத்திருந்தாள்: "அப்பா, தொடாதீங்க." ஒரு பலகையை யாரையும் கேட்காமல் நானே படித்தது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. சத்தமாக இரண்டு முறை படித்தேன், ஒரு பிழை இல்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் மேசையைத் திருத்தப் போனேன்.