இறால் தலையும் ஈயம் சாரும்

நீலகிரி மலையில் என்னைப் பேச்சில் மடக்குகிற ஆள் பிறக்கவே இல்லை என்று நினைத்திருந்தேன். பிறந்துதான் இருந்தார். ரிட்டயர் ஆகாததால் என் கடைக்கு வர நேரமில்லாமல் இருந்திருக்கிறார், அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் சீக்கிரமே ஒத்துவராமல் போனது. ஊட்டியை ஒட்டிய காந்தலில் தெருத்தெருவாகக் கருவாட்டுக் கூடை சுமந்தவன், இன்று ஊட்டி மார்க்கெட்டில் மீன் கடை வைத்து ஓட்டல்காரர்களைக் காக்க வைக்கிறேன். கண்ணைப் பார்த்தே மீனின் வயதைச் சொல்வேன். போலீஸ், முனிசிபாலிட்டி, டூரிஸ்ட் என்று எல்லோரையும் சமாளித்தாயிற்று. ஈயம் சாரிடம்தான் அலுத்துப் போனேன்.

அரசாங்க ஃபேக்டரி லேபில் உலோகம் சோதித்தே தலை நரைத்தவர். எதைப் பார்த்தாலும் அதில் ஈயம் உண்டா என்று கேட்பார். பேர் வந்தது அப்படித்தான். சுத்த சைவம், நெற்றி நிறைய விபூதி. மீன் வாடைக்கு மஃப்ளரை மூக்குவரை இழுத்துக்கொள்வார். அப்பேர்ப்பட்ட மனுஷன் ஞாயிற்றுக்கிழமை காலையில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஐஸ் பெட்டி வந்து இறங்கும்போதே குடையோடு நிற்பார்.

"ஏனுங்க, இது கடல் இறாலுங்களா, பண்ணை இறாலுங்களா?"

பண்ணை என்று சொல்லிவிட்டால் தொலைந்தேன். குளத்து மண்ணில் இருப்பது, தீவனத்தில் இருப்பது, எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக இறாலுக்குள் சேரும்; கடல் இறால்தான் சுத்தம் என்று ஆரம்பிப்பார். வாங்க வந்தவர்கள் பை நீட்டிய கை மடங்கிவிடும். ஒருநாள் பொறுக்க முடியாமல், பழைய ஸ்பீக்கரில் கிடந்த காந்தத்தை எடுத்துவந்து எல்லோர் முன்னாலும் இறால் மேல் ஓட்டிக் காட்டினேன். ஒரு மீசைகூட ஒட்டவில்லை. கூட்டம் என் பக்கம் சாய்ந்தது.

"ஈயம் காந்தத்துல ஒட்டாதுங்க" என்றார், தூக்கம் வருகிற குரலில். கூட்டம் மறுபடி அந்தப் பக்கம் போய்விட்டது.

இதையும் தாங்கிக்கொண்டிருப்பேன். விஷயம் என் வீட்டுச் சட்டிக்கு வந்ததுதான் வினை.

என் கடைக்குப் பேரே இறால் தலையால்தான். கிள்ளிய தலைகளைச் சும்மா கொடுப்பேன். மிளகோடு இடித்து ரசம் வைத்தால் இந்தக் குளிரில் கட்டிய சளி கரைந்துவிடும். அப்போது என் மருமகள் செல்வி, கல்யாணமாகிப் பல வருஷம் காத்திருந்து, முழுகாமல் இருந்தாள். வாயில் வைத்ததெல்லாம் வெளியே வந்தது. தங்கியது இந்த ரசம் ஒன்றுதான். தினமும் ரெண்டு வேளை. பெருமையாக இதை ஈயம் சாரிடம் சொன்னேன்.

அன்றைக்குத்தான் மஃப்ளர் மூக்கிலிருந்து இறங்கியது.

"உங்க யாவாரம் எப்படியோ போகட்டுங்க. அந்தப் புள்ளைக்கு மட்டும் தலையக் குடுக்காதீங்க. சதையக் காட்டிலும் தலையிலதான் அதெல்லாம் சேருமுங்க. வயித்துக் குழந்தைக்குப் போயிருமுங்க."

"என் ஊட்டுச் சட்டியில உங்களுக்கென்னங்க வேலை?" என்று கத்திவிட்டு வந்தேன். ஆனால் செல்வி கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "மாமா, அவரு சொல்றது நெசமுங்களா?" என்று கேட்டபோது, ஊருக்கே பதில் சொல்கிற நான் கிண்ணத்தை வாங்கித் திண்ணையில் வைத்தேன். ரசம் அப்படியே ஆறிப்போனது.

ஈயம் சார் சும்மா இருப்பாரா? என் கடையிலேயே கடலில் கொஞ்சம், பண்ணையில் கொஞ்சம், தலை தனி, சதை தனி என்று இடுக்கியால் பொறுக்கி டிபன் கேரியரில் அடுக்கினார். தன் பென்ஷனில் கோயம்புத்தூர் லேபுக்குக் கிளம்பினார். குன்னூர் தாண்டுவதற்குள் ஐஸ் உருகி பஸ் முழுக்க நாற்றம். விபூதி நெற்றிக்காரரை யார் சந்தேகப்படுவார்கள்? பக்கத்தில் காரட் மூட்டையோடு இருந்த அம்மாளை கண்டக்டர் வாங்கு வாங்கென்று வாங்க, இவர் எழுந்து, "அது நானுங்க" என்றிருக்கிறார். மேட்டுப்பாளையம்வரை படியிலேயே நிற்க வைத்துவிட்டார்கள்.

ரிசல்ட் வந்தது. சதை ரெண்டிலும் பயப்பட ஒன்றுமில்லை. தலையில் ரெண்டிலுமே ஈயம் கூடுதல். அதைவிடக் கூத்து, அந்த ரெண்டில் சுத்தம் பண்ணை இறால்தானாம். வேறு யாராக இருந்தாலும் காகிதத்தை மடித்து அடுப்பில் போட்டிருப்பார்கள். இவர் அடுத்த ஞாயிறு அதே இடத்தில் நின்று, வந்தவர் ஒவ்வொருவரையும் நிறுத்தி, "இத்தனை நாளு நான் சொன்னது தப்புங்க" என்று ஆரம்பித்தார். இந்தத் தடவை கடல் இறாலில்தான் அதிகம், தலை மட்டும் எதிலும் வேண்டாம் என்றார். இவர் பேச்சைக் கேட்டு நான் வாங்கிக் குவித்திருந்த கடல் இறால் அன்று சீண்டுவாரில்லாமல் கிடந்தது. என்னத்தைச் சொல்ல? ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அவருக்கும் ஒன்று போட்டேன்.

செல்வி வெறும் மிளகு ரசத்துக்கு மாறினாள். நாலு நாள் அதுவும் வெளியே வந்தது, பிறகு தங்கியது. பேத்தி பிறந்தாள், மார்க்கெட்டே திரும்பிப் பார்க்கிற குரலோடு. ஈயம் சார் வீட்டுக்கு வந்து வெள்ளிக் கொலுசைச் செல்வியிடம் நீட்டினார்.

"சோதிச்சுட்டனுங்க அம்மணி. ஈயம் இல்ல."

காபி கொடுத்தோம். டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் குடித்தார்.

இப்போது அவருக்கு முட்டி வலி, வீடு இருக்கிற மேட்டுத் தெருவிலிருந்து இறங்க முடியவில்லை. எனக்கும் வயதாகிவிட்டது, ஐஸ் பெட்டியைத் திறக்கவே சலிப்பாக இருக்கிறது. குறுக்கே கேள்வி கேட்க ஆளில்லை. திறந்ததும், "கடலுங்களா, பண்ணைங்களா?" என்று நானே ஒருமுறை சத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன். அப்புறம்தான் தலையைக் கிள்ள ஆரம்பிக்கிறேன்.