சிச்சிக்கோ படித்த ஒற்றை வினைச்சொல்

முதலில் போனது உப்புச்சாடி.

காலைச் சாப்பாட்டு மேசையில், மாடி அறையில் தங்க வந்திருந்த வெளிநாட்டுக்காரி ஹெஸ்டர் அம்மாள் உருளைக்கிழங்கின் மேல் எங்கள் மலை உப்பைத் தூவினாள். பூண்டும் மசாலாவும் இடித்துச் சேர்த்த உப்பு அது. ஒரு விள்ளல் வாயில் போட்டு, சாடியைத் தொட்டு, "ஐ லைக் திஸ்" என்றாள். அவ்வளவுதான். வீட்டுக்காரர் சிச்சிக்கோ எழுந்து சாடியைத் துடைத்து, துணியில் சுற்றி, இரண்டு கையாலும் அவள் முன்னால் வைத்துவிட்டார்.

எங்கள் ஸ்வானெத்தி மலையில் விருந்தாளி ஒரு பொருளைப் பிடித்திருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அது அவருடையது. கொடுக்காதவன் தலைநிமிர்ந்து தெருவில் நடக்க முடியாது. கொடுத்ததைத் திரும்ப வாங்குகிறவன் ஊரிலேயே இருக்க முடியாது.

"இருந்த ஒரு சாடியும் போச்சா?" என்றாள் சமையலறையிலிருந்து அவர் மனைவி சியாலா.

"என்னை என்ன பண்ணச் சொல்றே? பிடிச்சிருக்குன்னு சொல்லிட்டாங்க."

"ஒம்பது வருஷமா இங்க வந்து தங்கறவங்க எல்லாரும் இதையேதான் சொல்லியிருப்பாங்க. ஒரு கரண்டி போயிருக்கா நம்ம வீட்டுல?"

"அப்ப எனக்குப் புரியலையேடி."

அது உண்மைதான். மலையேற வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு மாடி அறைகளை விட்டுப் பிழைத்தாலும் சிச்சிக்கோவுக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் தெரியாமல்தான் இருந்தது. தலையை ஆட்டுவார், சாராயம் ஊற்றுவார், காலம் ஓடியது. போன குளிர்காலத்தில் பனி மூடிப் பொழுது போகாமல், பள்ளிக்கூடத்தில் நெஸ்டானி டீச்சர் நடத்திய வகுப்புக்குப் போனார். ஒரு வினைச்சொல்லை ஒழுங்காகப் பிடித்துக்கொண்டால் பாதி ஆங்கிலம் வந்த மாதிரி என்று டீச்சர் சொல்லி, 'லைக்' என்பதை வைத்து நாலு வாக்கியம் எழுதிக் கொடுத்தாள். பிடிக்கும், பிடிக்காது, பிடிக்குமா, வேண்டும். மூன்று மாதம் மாட்டுக் கொட்டிலில் பசுவிடம் சொல்லிச் சொல்லிப் பழகினார். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

சாடியை வாங்கிக்கொண்ட ஹெஸ்டர் அம்மாள் முகம் சிவந்து, வேண்டாம் என்று திருப்பி நீட்டிப் பார்த்தாள். சிச்சிக்கோவின் மீசை துடித்ததைக் கண்டு பயந்துபோய், "ஓ, ஐ லைக் இட் வெரி மச்" என்றாள். அவர் குழம்பிப்போனார். அதைத்தான் கொடுத்தாயிற்றே, இன்னும் என்ன பாக்கி? எதற்கும் இருக்கட்டும் என்று இடிக்கிற உரலையும் சேர்த்துக் கொடுத்தார்.

கொஞ்ச நேரத்தில், "ஐ வுட் லைக் ஸம் டீ" என்றாள். இது டீச்சர் கொடுத்த நாலாவது வாக்கியம், வேண்டும் என்பது; ஆனால் இதற்குள்ளும் 'லைக்' இருக்கிறது. தேநீரும் கொடுத்து, தேநீர்ப் பானையையும் மூடியோடு கொடுத்துவிட்டார். மதியத்துக்குள் சுவர்க் கடிகாரமும் அவர் அப்பா உட்கார்ந்திருந்த செதுக்கு நாற்காலியும் மாடி ஏறிவிட்டன.

"சரி, போனதெல்லாம் போகட்டும்" என்றாள் சியாலா. "அந்தம்மா கொட்டில் பக்கம் போனா என்ன பண்ணுவே?"

சிச்சிக்கோ கொட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தார். கொட்டிலில் நின்றது ஷவ்ரா, கறுப்புக் குதிரை. வருகிற ஞாயிற்றுக்கிழமை திருவிழாப் பந்தயம். மூன்று வருஷமாக மேல்வீட்டுப் பிமுர்ஸாவின் குதிரைக்குப் பின்னால் இரண்டாவதாக வந்து வந்து, அந்த ஆள் மீசையை முறுக்குவதைப் பார்த்துப் பார்த்து வெந்துபோயிருந்தார். இந்த வருஷம் ஷவ்ராவை எவனும் தொட முடியாது என்று ஊரே சொன்னது. பிள்ளைகள் இல்லாத வீட்டில் அதுதான் பிள்ளையும்கூட.

"அதுக்குத்தான் ரெண்டாவது வாக்கியம் இருக்கு" என்றார். "நான் முந்திக்கிட்டு, இது மட்டம்னு சொல்லிட்டா அவங்க எப்படிப் பிடிக்கும்பாங்க?"

சோதித்துப் பார்க்க, தரைக் கம்பளத்தைக் காட்டி முகத்தைச் சுளித்து, "ஐ டோன்ட் லைக்" என்றார். ஹெஸ்டர் அம்மாள் பதறிப்போய், வீட்டுக்காரர் மனம் நோகக் கூடாதே என்று, "நோ, நோ, ஐ லைக் இட்" என்றாள். கம்பளம் போயிற்று.

"இன்னும் ரெண்டு வாக்கியம் இருக்கே, அதையும் சொல்லேன்" என்றாள் சியாலா. "கூரை மிச்சம் இருக்கு."

அடுத்த யோசனை அவளுடையதுதான். கண்ணில் பட்டால்தானே பிடிக்கும்? அம்மாள் தூங்கிய அரை மணியில் சுவரில் மாட்டியிருந்தது, அலமாரியில் இருந்தது எல்லாவற்றையும் அள்ளிப் பக்கத்து வீட்டில் போட்டார்கள். பூவேலை செய்த ஜன்னல் திரையைக்கூட விடவில்லை. எழுந்து வந்தவள் மொட்டைக் கூடத்தைப் பார்த்துத் திகைத்தாள். பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லாததால் திரை இல்லாத ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். வெளியே, நேர் எதிரே, ஷவ்ரா பிடரியைச் சிலிர்த்துக்கொண்டு நின்றது.

"ஓ" என்று கையை நீட்டி வாயைத் திறந்தாள். சிச்சிக்கோ கண்ணை மூடிக்கொண்டார். அந்த நேரத்துக்கு வாசலில் ஜீப் ஹாரன் அடித்தது. பனிமலையைக் காட்ட அவளைக் கூட்டிப்போக வந்த டிரைவர் குராம். பாதி வார்த்தையோடு அவள் கிளம்பிப் போய்விட்டாள்.

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. மறுநாள் காலை ஹெஸ்டர் அம்மாள் இறங்கி வந்தவள் நேரே கொட்டிலுக்கு நடந்தாள். அவர் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் குதிரையை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். தொண்டையைச் செருமினாள்.

"ஐ டோன்ட் லைக்" என்றாள்.

சிச்சிக்கோ சிலுவை போட்டுக்கொண்டார். உயிர் வந்தது. நாலு எட்டு நடந்தார். நின்றார். திரும்பினார்.

"ஏண்டி, இவங்க என்ன சொன்னாங்க?"

"பிடிக்கலையாம். வாய மூடிக்கிட்டு உள்ள வா."

"ஓட்டை உரலு பிடிச்சிருக்கு. அந்துப்போன கம்பளம் பிடிச்சிருக்கு. ஷவ்ரா பிடிக்கலையா?"

"உனக்கு நல்ல காலம், விடுய்யா."

"எப்படி விடறது? பிமுர்ஸா காதுல விழுந்தா? வெளிநாட்டுக்காரியே வேணாம்னு சொன்ன குதிரைன்னு சிரிக்க மாட்டானா?"

அவர் சேணம்கூடப் போடாமல் ஏறி, முற்றத்தை மூன்று சுற்றுச் சுற்றி வந்து, "டூ யூ லைக்?" என்றார். அவள் சியாலாவைப் பார்த்தாள், குதிரையைப் பார்த்தாள், தரையைப் பார்த்துக்கொண்டே, "நோ" என்றாள். பல்லைக் காட்டினார், குளம்பைத் தூக்கிக் காட்டினார், அதன் பாட்டன் பூட்டன் பெருமையெல்லாம் எங்கள் பாஷையில் சொன்னார். "நோ." வேலி தாண்டிக் குதித்தார். "நோ, நோ." கடைசியில் விறகு பிளக்கிற கட்டையில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அழுதேவிட்டார். ஆறடி மனுஷன் தேம்பித் தேம்பி அழுதார்.

ஹெஸ்டர் அம்மாளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஓடி வந்து அவர் தோளைத் தொட்டு, "ஐ லைக்" என்றாள். "ஐ லைக் வெரி மச்." அவள் கண்ணிலும் தண்ணீர் நின்றது.

சிச்சிக்கோ துள்ளி எழுந்தார். "கேட்டியாடி? பிடிச்சிருக்காம். ரொம்பப் பிடிச்சிருக்காம்."

"கேட்டேன்" என்றாள் சியாலா. "சேணத்தையும் சேர்த்துக் கட்டிடவா?"

சிரிப்பு அப்படியே நின்றது. அவர் கையிலிருந்த கடிவாளத்தைப் பார்த்தார். ஹெஸ்டர் அம்மாளைப் பார்த்தார். வேறு வழி இல்லை. ஷவ்ராவின் நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்து, இரண்டு கையாலும் கடிவாளத்தை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள்.

அவளை ஊருக்கு ஏற்றிவிட வந்த குராம் ஜீப்பை நிறுத்தி இறங்கினான். கடிவாளம் யார் கையில் இருக்கிறது என்று பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டான்.

"என்ன காரியம் பண்ணினீங்க சித்தப்பா? பிடிச்சிருக்குன்னு சொன்னா இங்க கொடுத்துடுவாங்கன்னு நேத்துதான் இவங்ககிட்ட சொன்னேன். உங்க குதிரையாவது மிஞ்சட்டும்னு, திரும்பி வர்ற வழியெல்லாம் பிடிக்கலைங்கற அந்த ஒரு பொய்யைத்தான் சொல்லிச் சொல்லிப் பழகிக்கிட்டு வந்தாங்க."