எதிர்வீட்டுக்குக் கைம்மாறு

எதிர்வீட்டுப் பல் டாக்டர் ஒரு மேசை விளக்கைக் கையில் திணித்து, கிறிஸ்மஸ் வாழ்த்தும் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து தராசு சாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடை கடையாகப் போய்த் தராசு சரியாக நிற்கிறதா என்று சோதிப்பது அவர் உத்தியோகம். சொந்த வாழ்க்கையிலும் ஒரு தட்டு தாழ்ந்துவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"சந்தோஷம்னு சொல்லி வாங்கி வெச்சுக்கோங்களேன்," என்றாள் மனைவி.

"சும்மா வாங்கி வெச்சுக்க நாம என்ன கையாலாகாதவங்களா?"

"நாளைக்கு சர்ச்சுல நீங்க பேசப்போறதே அதைத்தானே?"

வாஸ்தவம்தான். கிறிஸ்மஸ் ஆராதனையில் கைம்மாறு கேட்காமல் ஆண்டவர் தரும் கிருபையைப் பற்றிப் பேசும்படி போதகர் அவரைக் கேட்டிருந்தார். அதற்காகக் கண்ணாடி முன் நின்று கண்கலங்கக்கூடப் பழகியிருந்தார்.

"அது ஆண்டவர் கொடுக்கறது. இது பல் டாக்டர் கொடுக்கறது. ரெண்டையும் போட்டுக் குழப்பாதே," என்று சொல்லிவிட்டுச் சுவர்க்கடிகாரத்தைக் கழற்றினார்.

கடிகாரத்தைப் பார்த்ததும் டாக்டர் பேயறைந்தது போல் நின்றார். நன்றியில் வாயடைத்துப் போய்விட்டார் என்று தராசு சார் எடுத்துக்கொண்டார். வீடு திரும்பிக் காலை நீட்டியிருக்க மாட்டார், வாசல்மணி அடித்தது. இரண்டு பிரம்பு நாற்காலிகளோடு டாக்டர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பதிலுக்கு எதுவுமே தர வேண்டாம் என்று கெஞ்சாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இது தராசு சாரின் ரோஷத்தைக் கிளப்பிவிட்டது. புத்தகங்கள் தரைக்கு வந்தன, புத்தக அலமாரி எதிர்வீட்டுக்குப் போயிற்று. சாயங்காலம் அங்கிருந்து ஆளுயரக் கண்ணாடி வந்து சேர்ந்தது. கட்டிலை விட்டால், அதற்கு ஈடாக வீட்டில் மிஞ்சியிருந்தது தையல் மெஷின் ஒன்றுதான்.

அது மனைவி தன் உழைப்பில் வாங்கியது. அவள் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நகரவே இல்லை. புதுசு வாங்கித் தருவதாகச் சத்தியம் செய்து, அவள் அடுப்பை அணைக்கப் போன நேரம் பார்த்து அதையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் அவள் அவரிடம் பேசவில்லை.

மறுநாள் ஆராதனையில் பழகி வைத்ததெல்லாம் மறந்து, மனசிலிருந்தே பேசினார்.

"ஆண்டவர் கொடுத்ததுக்குப் பதிலா கொடுக்க நம்மகிட்ட என்ன இருக்கு? வெறுங்கையை நீட்டி வாங்கிக்கிட்டு, நன்றின்னு ஒரு வார்த்தை சொல்றதுதான் நம்மால முடிஞ்சது."

குரல் நிஜமாகவே தழுதழுத்தது. முன்வரிசையில் டாக்டர் வைத்த கண் வாங்காமல் கேட்டார். பாதியிலேயே எழுந்து, செல்போனைக் காதில் வைத்தபடி வெளியே ஓடினார். வீடு திரும்பும் வழியில் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இப்படியே இருங்க என்றாள். அவருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது.

வாசலை அடைத்துக்கொண்டு ஒரு பீரோ நின்றது.

"இப்போ என்ன பண்ணணும்?" குழந்தையிடம் கேட்பது போலக் கேட்டாள்.

"நன்றி சொல்லணும்."

மனசாரத்தான் சொன்னார். கேட் வரைக்கும் வெறுங்கையோடு போகவும் செய்தார். அதற்கு மேல் கால் வரவில்லை. உள்ளே வந்து கட்டிலைக் கழற்ற ஆரம்பித்தார். மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அவள் அழுவது அவருக்குக் கேட்டது. ஆனாலும் கை நிற்கவில்லை.

கட்டிலின் தலைமாட்டுப் பலகையை இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தால், எதிர்வீட்டு முன் ஒரு லாரி. அதன் உச்சியில் தையல் மெஷின் கயிற்றில் தொங்காத குறையாக உட்கார்ந்திருந்தது. ஜன்னலில் தெரிந்த டாக்டரின் தலை சட்டென்று மறைந்தது.

"யாருப்பா வீடு காலி பண்றாங்க?" என்றார் தராசு சார்.

சுமை ஏற்றுகிறவர் பலகையைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், கயிற்றைக் கீழே போட்டார்.

"டாக்டர்தான் சார், லாரியில இடம் பத்தலைன்னு ஒவ்வொண்ணா உங்க தலையில கட்டிட்டு இருந்தார், உங்க பிரசங்கத்தைக் கேட்டுட்டுத்தான், 'மனுஷன் திருந்திட்டார், பீரோவை இப்போ தைரியமா கொண்டுபோய் வைங்க'ன்னு எங்களுக்குப் போன் பண்ணினார்."